மதில்மேல் இருப்பவருக்கு எந்த மேடை?

2023 ஆகஸ்ட் மாநிலத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே இருக்கும் பாலாய் ராயா என்ற சமூக மண்டபத்துக்கு ஒரு வேட்பாளர் வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். ஏழாவது மாடியில் இருக்கும் ஓர் அக்கா, தொழிற்சாலைச் சீருடையோடு, இரவு ஷிப்ட் பஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். லிஃப்ட் நான்கு மாதமாக ஓடவில்லை. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, ஏழு மாடி இறக்குகிறோம். நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேட்பாளர் மரியாதையாகவே பதில் சொன்னார். பழுதுபார்க்கும் செலவில் 80 விழுக்காடு வரை மாநில அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது, அதில் உங்கள் கட்டடத்தையும் சேர்க்க முயற்சி எடுப்பேன் என்றார். கைதட்டினார்கள். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

அக்கா உட்காரவில்லை. மைக் இல்லாமல் அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. "மிச்சம் 20 விழுக்காட்ட யாரு கட்டுறது? பாதி வீட்டுக்காரங்க மாசக் கட்டணமே கட்டலையே." கீழே பஸ் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார். வாக்களிக்கும் நாள் காலையில் லைனில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். யாருக்கென்று இன்னும் முடிவு பண்ணவில்லை தம்பி என்று சொன்னார்.

கேட்கப்படாமல் போன அந்த இரண்டாவது கேள்வி எனக்கு மறக்கவே இல்லை. அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும். எங்கள் குடியிருப்பாளர் சங்கம் இந்த முறை கட்சிக்காரர்கள் வந்து கூட்டம் போடும்வரை காத்திராமல், நாமே ஒரு மேடை போட்டு வேட்பாளர்களை அழைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறது. எந்த மாதிரி மேடை என்பதில்தான் கருத்து வேறுபாடு. இளைஞர்கள் அமெரிக்க அதிபர் தேர்தலில் பார்க்கிற மாதிரி இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி விவாதம் வைக்கலாம் என்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆளுக்கு ஒரு மணி நேரம் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்போம் என்கிறார். செயலாளருக்கு, மக்களே கேள்வி கேட்கும் பொதுமன்றம் பிடித்திருக்கிறது. இன்னும் சிலருக்கு, கட்சிக்காரர்கள் மேடை போட்டுப் பேசும் வழக்கமான செராமாவே போதும். கொஞ்ச நாளாக நான் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்ற தாமான்களிலும், அதாவது குடியிருப்புப் பகுதிகளிலும், இதே பேச்சு இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், இந்த மேடை யாருக்காக? மலாய்ப் பத்திரிகைகள் இன்னும் முடிவெடுக்காத வாக்காளரை 'அத்தாஸ் பாகார்' என்று எழுதும், அதாவது வேலிமேல் உட்கார்ந்திருப்பவர். நம்மிடம் மதில்மேல் பூனை இருக்கிறது. இரண்டிலுமே, சமயம் பார்த்துத் தாவுகிற ஆள் என்ற குத்தல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எங்கள் பிளாட்டில் நான் பார்த்தவரை, முடிவெடுக்காதவர்களில் பாதிப் பேர் மற்றவர்களைவிட அதிகமாகவே செய்தி படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஏமாந்தவர்கள் அவர்கள். இன்னும் சிலர் 18 வயதில் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்த பிள்ளைகள். 2022 பொதுத்தேர்தலில் அப்படிச் சேர்ந்தவர்களால்தான் வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. வீட்டில் அப்பா ஒரு கட்சி, தாய்மாமா ஒரு கட்சி, நடுவில் இந்தப் பிள்ளை. அப்புறம், யாருக்குப் போடுவது என்பதைவிட, வேலை செய்யும் கோலாலம்பூரிலிருந்து ஓட்டுப் போட ஊருக்கு வரத்தான் வேண்டுமா என்று யோசிப்பவர்களும் உண்டு. இவர்கள் யாருக்குமே மேடையில் யார் ஜெயித்தார் என்பது முக்கியமில்லை. தன் கேள்விக்கு இவர் உண்மையாகப் பதில் சொல்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்கிறாரா, இவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்பை வைத்துப் பார்த்தால் செராமாவை உடனே ஒதுக்கிவிடலாம். எனக்குச் செராமா பிடிக்கும். சின்ன வயதில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போய், திடலில் நின்று, இரவு பன்னிரண்டு மணிவரை பேச்சுக் கேட்டவன் நான். ஆனால் அங்கே ஒரு குரல்தான் ஒலிக்கும். வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்தப் பக்கத்துக்காரர்கள். கேள்விக்கே இடமில்லை.

எதிரெதிர் விவாதம்தான் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. 1960-இல் கென்னடியும் நிக்சனும் சிகாகோவில் நின்ற நாளிலிருந்து அது ஒரு பெரிய காட்சியாகிவிட்டது. அதன் பிறகு 1964, 1968, 1972 மூன்று தேர்தல்களிலும் விவாதமே நடக்கவில்லை, 1976-இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த 1976 விவாதத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எங்கள் சங்கக் கூட்டத்திலும் சொன்னேன். பிலடெல்ஃபியாவில் ஒலிபரப்பு பழுதாகி 27 நிமிடம் சத்தம் போய்விட்டது. வேட்பாளர்கள் ஃபோர்டும் கார்ட்டரும் அத்தனை நேரமும் அவரவர் பேச்சு மேசைக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு முன்னால் ஒருவரோடொருவர் சும்மா பேசிக்கொள்ளக்கூட அவர்களுக்குத் தயக்கம். அந்த வகை மேடை ஒரு மனிதரை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த இறுக்கத்தாலும் ஒரு பயன் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடனும் டிரம்ப்பும் பேசியபோது அரங்கில் பார்வையாளர்களே இல்லை, ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக் அணைக்கப்பட்டிருந்தது. உதவியாளரும் இல்லை, எழுதிவைத்த குறிப்பும் இல்லை. அன்றைக்கு மக்கள் பார்த்தது கொள்கையை அல்ல, அந்த மனிதருக்கு இன்னும் நான்கு வருடம் தாங்குமா என்பதை. 24 நாளில் பைடன் போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஆக, ஓர் ஆளின் தாக்குப்பிடிக்கும் திறனை இந்த மேடை காட்டிவிடும். எங்கள் தொகுதிக்கும் அது வேண்டியதுதான். உதவியாளர் காதில் சொல்லாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒய்பி, அதாவது மக்கள் பிரதிநிதி, வேண்டாமா?

ஆனால் அதே மேடையில் கெட்டுப்போகிற விஷயங்கள் அதிகம். 2016-இல் ஹிலரி கிளின்டனுக்கும் டிரம்ப்புக்கும் மூன்று விவாதங்கள் நடந்தன. ஒவ்வொன்றும் முடிந்த கையோடு சிஎன்என் எடுத்த கருத்துக்கணிப்பில், நன்றாகச் செய்தவர் கிளின்டன் என்றே வந்தது. மூன்று முறையும் அப்படித்தான். அதிபரானது டிரம்ப். நமக்குப் பக்கத்து நாட்டிலும் இதே கதை. 2024 தேர்தலுக்கு முன் இந்தோனேசியத் தேர்தல் ஆணையம் ஐந்து விவாதங்கள் நடத்தியது. மொழி நமக்குப் பெரும்பாலும் புரிவதால் யூடியூபில் எங்கள் பிளாட்டிலும் சிலர் விடாமல் பார்த்தார்கள். ஜனவரி 7 விவாதம் தற்காப்பைப் பற்றியது. தற்காப்பு அமைச்சராக இருந்த அதிபர் வேட்பாளர் பிரபோவோவை மற்ற இரண்டு வேட்பாளர்களும் சேர்ந்து நெருக்கினார்கள். ஐந்து வாரம் கழித்து அவர் 58 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஒரே சுற்றில் ஜெயித்தார்.

அந்த வரிசையில் துணையதிபர் வேட்பாளர்களுக்காக 2023 டிசம்பர் 22 அன்று நடந்த விவாதத்தை நான் குறிப்பாக நினைத்துப் பார்க்கிறேன். ஜிப்ரான் என்ற வேட்பாளர், தன் போட்டியாளர் முஹைமினிடம் ஓர் ஆங்கிலச் சுருக்கத்தைச் சொல்லி, அதில் நாட்டின் இடத்தை உயர்த்த என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது உலக இஸ்லாமியப் பொருளாதார அறிக்கை ஒன்றின் பெயர்ச்சுருக்கம். முஹைமினுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. மறுநாள் எங்கும் அதே பேச்சு. சரி, அதனால் முடிவெடுக்காத ஒரு வாக்காளருக்கு என்ன கிடைத்தது? அரிசி விலை பற்றியா, பிள்ளையின் வேலை பற்றியா, எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கூடுதலாகத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வேட்பாளர் இன்னொரு வேட்பாளரைக் கேள்வி கேட்டால் அது புதிர்ப்போட்டி ஆகிவிடுகிறது. கேள்வி வாக்காளரிடமிருந்துதான் வர வேண்டும்.

நம் நாட்டு அனுபவமும் உண்டு. 2022 மே 12 அன்று கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங்கில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வாரும் முன்னாள் பிரதமர் நஜிப்பும் விவாதித்ததை பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடையில் பெரிய திரையில் பார்த்தேன். நாற்காலி கிடைக்காமல் பைக்கில் சாய்ந்தபடி பார்த்தவர்களும் இருந்தார்கள். பத்து பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் கடனில் மாட்டிய சப்புரா எனர்ஜி நிறுவனத்தை அரசு காப்பாற்ற வேண்டுமா என்பது ஒரு தலைப்பு, நாட்டின் எதிர்காலப் பாதை இன்னொன்று. நல்ல விவாதம்தான். நெருக்கடியில் இருக்கும் நிறுவனத்துக்கு மக்கள் பணத்தைக் கொடுப்பது பற்றி அவ்வளவு நேரம் மாமாக் கடையில் அமைதியாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆனால் மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, நஜிப் சிறைக்குப் போய்விட்டார். நவம்பர் 19 பொதுத்தேர்தலுக்கு முன்னால், பிரதமர் வேட்பாளர்களாக நின்ற இஸ்மாயில் சப்ரி, அன்வார், முகிதீன் மூவரும் ஒரே மேடையில் விவாதிக்கவே இல்லை. எந்தத் தேர்வை நாம் உண்மையில் செய்ய வேண்டியிருந்ததோ, அதற்கு விவாதம் கிடைக்கவில்லை.

இங்கே இன்னொரு அடிப்படை வேறுபாடும் இருக்கிறது, இளைஞர்களிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். அமெரிக்கரும் இந்தோனேசியரும் அதிபருக்கே ஓட்டுப் போடுகிறார்கள். நாம் பிரதமருக்குப் போடுவதில்லை, தொகுதியின் ஒய்பிக்குப் போடுகிறோம். 2022-இல் 222 இடங்களில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 யாருக்கும் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்து ஐந்தாவது நாள்தான் அன்வார் பிரதமரானார், அதுவும் தேர்தல் களத்தில் எதிரெதிராக நின்ற கூட்டணிகள் சேர்ந்ததால். கட்சித்தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் இருக்கிறது. தனி ஓர் உறுப்பினர் கட்சி மாறினால் பதவி போய்விடும். ஆனால் ஒரு கட்சியோ கூட்டணியோ மொத்தமாக இன்னொரு பக்கம் போய்ச் சேருவதை அது தடுக்காது. அப்படி இருக்க, தலைவர்கள் மேடையில் கொடுக்கும் வாக்குறுதி எவ்வளவு தூரம் வரும்? எங்கள் தொகுதி வேட்பாளரிடம், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் உங்கள் கட்சி யாரோடு போகும், நீங்கள் அதை உள்ளே எதிர்ப்பீர்களா என்று நேருக்கு நேர் கேட்பது, இரண்டு தலைவர்கள் விவாதிப்பதைத் திரையில் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும்.

ஒரு நியாயமான எதிர்வாதத்தையும் இங்கே வைக்க வேண்டும். கரோலின் லெ பென்னெக், வின்சென்ட் பொன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 10 நாடுகளில் 62 தேர்தல்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதத்தில்தான் முடிவுக்கு வருகிறவர்கள் 17 முதல் 29 விழுக்காடு. சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதங்களால் அந்த முடிவு அசைந்ததற்கான அடையாளம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஊடகம், கட்சித் தொண்டர்கள், அக்கம்பக்கத்து மக்கள், இப்படி மற்ற வழிகளில் வரும் தகவல்தான் அதிகம் வேலை செய்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் மேடையே எதற்கு என்று எங்கள் பொருளாளர் கேட்டார். எனக்கு அது எதிர்மாறாகத் தோன்றுகிறது. பாலாய் ராயாவில் 90 பேர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, படி ஏறும்போதும் மறுநாள் காலை ரொட்டி சானாய்க் கடையிலும் பேசுவது தொலைக்காட்சி விவாதம் இல்லை. அந்த ஆய்வு எதற்கு வலிமை இருக்கிறது என்கிறதோ, அதே அக்கம்பக்கத்துப் பேச்சுதான். நாம் செய்ய வேண்டியது, அந்தப் பேச்சுக்கு நல்ல சரக்கு கொடுப்பது.

ஆசிரியர் சொன்ன தனித்தனி நேர்காணலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் அது 2020-இல் தற்செயலாக நடந்தது. டிரம்ப்புக்குக் கொரோனா வந்ததால் இரண்டாவது விவாதத்தை இணையம் வழி வைக்கலாம் என்றார்கள், அவர் மறுத்தார், விவாதம் ரத்தானது. அக்டோபர் 15 இரவு பைடன் பிலடெல்ஃபியாவில் ஒரு தொலைக்காட்சியில், டிரம்ப் மயாமியில் வேறொரு தொலைக்காட்சியில், ஒரே நேரத்தில் மக்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். முதல் விவாதத்தில் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து விழுந்து கத்தியதைப் பார்த்து நொந்துபோனவர்களுக்கு இது நிம்மதியாக இருந்திருக்கும். பதில்கள் நீளமாக வந்தன. ஆனால் எதைப் பார்ப்பது? இரண்டையும் ஒப்பிட வேண்டிய ஆள்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் மண்டபத்தில் அந்தச் சிக்கல் வராது. ஒருவர் எட்டு மணிக்கு, அடுத்தவர் ஒன்பது மணிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு நேர்காணல் வைக்கிற மாதிரி, அதே கேள்விகள். ஆழமாகக் கேட்பதற்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் கவலை வேறு. முதல் ஆளிடம் கேட்ட கேள்விகள் பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டாவது ஆளுக்குப் போய்விடும். அதோடு, எட்டு மணிக்கு வந்த கட்சிக்காரர்கள் ஒன்பது மணிக்கு எழுந்து போய்விடுவார்கள், மண்டபத்தின் காற்றே மாறிவிடும். இன்னும் ஒன்று: ஒரு வேட்பாளர் சொல்வது மிகை என்றால் அதை உடனே சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிர்வேட்பாளர்தான். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டால் நமக்கு அந்த உதவி போய்விடுகிறது.

மக்கள் கேட்கும் பொதுமன்றத்துக்கு அமெரிக்காவில் முதல் உதாரணம், 1992 அக்டோபர் 15 அன்று வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் நடந்தது. இன்னும் முடிவெடுக்காத 209 வாக்காளர்களை கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் தேர்ந்தெடுத்தது. அப்போதைய அதிபர் மூத்த புஷ், பில் கிளின்டன், சுயேச்சை வேட்பாளர் பெரோ மூவரும் அவர்கள் முன்னால். ஒருவரையொருவர் தாக்குவதை விட்டுவிட்டு எங்கள் தேவைகளைப் பேச மாட்டீர்களா என்று ஒருவர் கேட்டதிலேயே அந்த இரவின் போக்கு தெரிந்துவிட்டது. பிறகு ஓர் இளம்பெண் எழுந்து, நாட்டின் கடன் உங்கள் ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கையையும் எப்படிப் பாதித்தது, பாதிக்கவில்லையென்றால் எங்கள் கஷ்டத்துக்கு எப்படி வழி காண்பீர்கள் என்று கேட்டார். புஷ் அந்த நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தது கேமராவில் விழுந்து இன்றுவரை பேசப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. புஷ்ஷுக்குக் கேள்வி சரியாகப் பிடிபடவில்லை, அந்தப் பெண்ணிடமே திரும்பக் கேட்டார், அவர் விளக்கினார். தனக்கு வேலை இழந்தவர்களைத் தெரியும், வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்களைத் தெரியும் என்றார். கிளின்டன் அவர் பக்கம் நடந்து வந்து, உங்களை இது எப்படிப் பாதித்தது என்று மறுபடி சொல்லச் சொன்னார். சின்ன மாநிலத்தில் ஆளுநராக இருப்பதால், வேலை இழந்தவர்களைப் பெரும்பாலும் பெயர் சொல்லித் தெரியும், ஒரு தொழிற்சாலை மூடினால் அதை நடத்தியவர்களைத் தெரியும் என்றார்.

கேள்வி கேட்டவர் இரண்டாவது முறையும் பேச முடிந்ததால் வந்த விளைவு இது. கேள்வி கொஞ்சம் தவறான சொல்லில் இருந்தது, அவர் கேட்க நினைத்தது அரசாங்கக் கடனை அல்ல, மக்கள் தலையில் விழுந்த மந்தநிலையை. ஒரே தடவையோடு மைக்கைப் பிடுங்கியிருந்தால் மூன்று பேரும் கடன் கணக்கைப் பேசிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கட்சிக்காரர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். 2004-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தரப்பும் கெர்ரி தரப்பும் விவாத விதிகளை 32 பக்க ஒப்பந்தமாக எழுதிக்கொண்டன. பொதுமன்றத்தில் பார்வையாளர் தொடர்ந்து இரண்டாவது கேள்வி கேட்கக் கூடாது, கேட்டு முடித்ததும் அவர் மைக்கை அணைத்துவிட வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும். முடிவெடுக்காதவர்களுக்காக என்று போட்ட மேடையில், அவர்கள் வாயை அடைப்பதுதான் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. 2016-இல் செயின்ட் லூயிஸில் நடந்த பொதுமன்றத்திலும் முடிவெடுக்காதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பெரும் பகுதி நேரம் வேட்பாளர்களின் சண்டையிலேயே போனது. கடைசியில் ஒருவர் எழுந்து, நீங்கள் மற்றவரிடம் மதிக்கும் ஒரு நல்ல குணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார். டிரம்ப்பின் பிள்ளைகளைச் சொன்னார் ஹிலரி கிளின்டன். கிளின்டன் விட்டுக்கொடுக்காமல் போராடுகிறவர் என்றார் டிரம்ப். அந்த இரவில் இருவருமே மனிதர்களாகத் தெரிந்த சில நிமிடங்கள் அவை. கொண்டுவந்தவர் ஒரு சாதாரண ஆள்.

ஆகவே பெயர் 'பொதுமன்றம்' என்று இருந்தால் மட்டும் போதாது. இரண்டாவது கேள்வியை அனுமதிக்காத பொதுமன்றத்தைவிட ஆசிரியர் சொல்லும் தனி நேர்காணல் எவ்வளவோ மேல். இரண்டாவது கேள்வியை அனுமதிக்கும் பொதுமன்றம் மற்ற எல்லாவற்றையும்விட மேல். இதுதான் என் முடிவு, சங்கத்திலும் இதையே முன்வைத்திருக்கிறேன்.

நடைமுறையில் பார்க்க வேண்டியவை நிறைய. வேட்புமனு நாளிலிருந்து வாக்களிப்பு வரை, 2022-லும் 2023-லும் பதினான்கு நாள்தான் கிடைத்தது. வேட்பாளர் யாரென்றே அன்றுதான் உறுதியாகத் தெரியும். எனவே மண்டபம், ஒலிபெருக்கி, காவல் நிலையத்தில் அனுமதி பற்றிய விசாரணை எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவைக்க வேண்டும். கூட்டம் 90 பேரைத் தாண்டக் கூடாது. நிறையப் பேர் வந்தால் நல்லதுதானே என்கிறார்கள் சிலர். 300 பேர் வந்தால் அது செராமாவாகிவிடும், கைதட்டுவதற்கென்றே ஆள் வரும்.

யார் கேட்பது என்பது இன்னும் சிக்கலானது. கேலப் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் விசாரித்து ஆளைத் தேர்ந்தெடுக்க முடியும். எங்கள் பிளாட்டில், "நீங்க இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கதவைத் தட்டிக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சொல்லச் சொல்வதும் தப்பு, ஓட்டு அவரவர் அந்தரங்கம். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வி அட்டை கொடுக்கலாம், பெட்டியில் போடட்டும், எல்லார் முன்னாலும் குலுக்கி எடுப்போம். கட்சிக் கிளைப் பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வோம். யார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவர்களுக்கும் இது புரியும். அவர்கள் வந்து உட்கார்ந்து கேட்கலாம்.

மொழியைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். வேட்பாளர்களில் தமிழ் தெரியாதவர் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக ஆன்ட்டிகள் எல்லாம் மலாயில்தான் கேட்க வேண்டும் என்றால் அவர்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். சந்தையில் மீன் வாங்குகிற மலாய் வேறு, ஒரு வேட்பாளரிடம் கணக்குக் கேட்கிற மலாய் வேறு. தமிழிலேயே கேட்கட்டும், ஒருவர் மலாயில் சொல்லட்டும், பதிலைத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும். நேரம் இரண்டு மடங்காகும். அதனால் கேள்விகள் பத்து போதும். இருபது கேள்விக்கு ஆளுக்கு ஒரு நிமிடப் பதிலைவிட, பத்துக் கேள்விக்கு நின்று நிதானமாக வரும் பதில் மேல்.

ஒருவர் வர மறுத்துவிட்டால்? இது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஜெயிப்போம் என்று நம்புகிற ஆளுக்கு இங்கே வந்து மாட்டிக்கொள்ள என்ன அவசியம்? காலி நாற்காலி போட்டு அதன்மேல் அவர் பெயரை ஒட்டலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்த நாற்காலியைப் பார்த்த நிமிடமே, முடிவெடுக்காமல் வந்தவர் இந்தச் சங்கம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். அப்படி ஆனால் ஆசிரியரின் முறைக்கு மாறிவிடலாம். வந்தவருக்கு ஒரு மணி நேரம், வராதவருக்கு வேறொரு நாளில் அதே ஒரு மணி நேரம், அதே அட்டைகள். மறுபடியும் வரவில்லை என்றால் அறிவிப்புப் பலகையில் அழைத்த தேதிகளை மட்டும் எழுதி ஒட்டுவோம். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

நடத்துநர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. பதில் சுற்றி வளைத்துப் போனால் மரியாதையாக நிறுத்தி, "கேட்டவர் இன்னும் நிற்கிறார்" என்று சொல்லக்கூடிய ஆள் வேண்டும். ஆசிரியரையே கேட்டிருக்கிறோம்.

அட்டையை மட்டும் மாதிரிக்கு அச்சடித்துவிட்டோம். மேலே வீட்டு எண். அதன்கீழ் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் 'என் கேள்வி'. இரண்டாவதில் 'பதில் போதாவிட்டால் நான் கேட்கப்போவது'. போன வாரம் மாதிரி அட்டையை ஏழாவது மாடி அக்காவிடம் காட்டினேன். லிஃப்ட் இப்போது ஓடுகிறது, ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது நின்றுவிடுகிறது. தேர்தல் எப்போது வரும் என்றே தெரியாது, இருந்தாலும் பேனா கேட்டு வாங்கி, சுவரில் அட்டையை வைத்து அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தார். முதல் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். இரண்டாவது கட்டத்தில்தான் எழுதியிருந்தார்: 'மிச்சம் 20 விழுக்காட்டை யார் கட்டுவது?'